பருப்பு என்ன செய்யும்?

பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டு ஊர்களில் பிறந்த யாருக்கும் முந்திரிக்கொட்டையின் ஓட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தாலே போதும். ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, சிலருக்கு ரேகையே மழுங்கிப் போயிருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உடைப்பவர்கள் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் அடுப்புச் சாம்பல் வைத்திருப்பார்கள். நாலு கொட்டை உடைத்ததும் விரலைச் சாம்பலில் புரட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் விளக்கெண்ணெய் தேய்த்துக் கழுவுவார்கள். பிள்ளைகள் யாராவது பச்சைக் கொட்டையைப் பல்லில் வைத்தால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "வாய் வெந்துடும், கீழ போடு!"

அந்த எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம், கார்டால் போன்றவைதான் தோலைப் புண்ணாக்குகின்றன. சலவைக்காரர்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டையின் சாறும் மாங்காய்க் காம்பில் வடியும் பாலும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. முந்திரி, மா, சேங்கொட்டை, பிஸ்தா நான்கும் ஒரே தாவரக் குடும்பம். ஓட்டெண்ணெய் பட்டால் அன்றோ மறுநாளோ கொப்புளம் எழும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தானோ என்னவோ, ஓட்டுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கெட்டதெல்லாம் ஓட்டோடு போயிற்று, உள்ளே இருப்பது முழுக்கச் சத்து என்று இருந்தார்கள். விருந்தாளி வந்தால் பருப்பு, பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு, பரீட்சை எழுதுகிற பையனுக்குப் பருப்பு.

என் சித்தப்பா மகனுக்கு அந்தப் பருப்புதான் ஆகவில்லை.

அவனுக்கு நாலைந்து வயதிருக்கும்போதே தொடங்கிவிட்டது. சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போட்ட முந்திரி ஒன்று வாய்க்குள் போனதும் "நாக்குல முள்ளு குத்துது" என்பான். "சூடா இருக்கும், ஊதித் தின்னு" என்பாள் சித்தி. கொஞ்ச நேரத்தில் காது மடல் இரண்டும் சிவக்கும். உதடு தடிக்கும். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறெல்லாம் திட்டுத் திட்டாக வீங்கியிருக்கும். அப்புறம் குமட்டிக் குமட்டி வாந்தி. ஆயா வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காணாக்கடி" என்று முடித்துவிடுவாள். கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது. கம்பளியைப் போர்த்திப் பாயில் படுக்க வைத்து, வேப்பிலையால் உடம்பைத் தடவி, நெற்றியில் திருநீறு இட்டு, வெற்றிலையில் நாலு மிளகை மடித்து மெல்லச் சொல்வாள். வாந்தியெடுத்து ஓய்ந்த பிள்ளை தூங்கிவிடுவான். எழுந்திருக்கும்போது தடிப்பு இறங்கியிருக்கும். பேர் மிளகுக்கும் கம்பளிக்கும் போகும்.

வீட்டில் இருந்த அத்தனை பேரிலும் உண்மையைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து இலையில் விழுந்த முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நெய்யைத் துடைத்து, இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிடுவான். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துத் தின்போம். அதற்குத்தான் அவனுக்குத் திட்டு விழும். "ஊரே இதைத் தின்னுதான் வளருது. பருப்பு என்னாடா பண்ணும்?" என்பார் சித்தப்பா. "போன மாசம் பாயசத்துல கெடந்ததத் தின்னானே, அப்ப ஒண்ணும் ஆகலையே?" என்று சித்தியும் சேர்ந்துகொள்வாள்.

சித்தியின் அந்தக் கேள்விக்கு விடை அப்போதே உலகத்தில் இருந்தது. 1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ஆராய்ச்சிக்குப் போன ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், கடலில் மிதக்கும் கொட்டும் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சைக் கொடுத்துப் பழக்கினால் தாங்கும் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் முறை நன்றாகத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதே அளவு கொடுத்ததும் மூச்சுத் திணறி, ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனது. நஞ்சின் அளவு மாறி எதுவும் நடக்கவில்லை. முதல் முறை வந்ததை நாயின் உடம்பு எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. அனஃபிலாக்சிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வாமையும் இப்படித்தான். பருப்பிலுள்ள புரதத்தை உடம்பு முதலில் ஓசையில்லாமல் அடையாளம் கண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே பருப்பு வரும்போதுதான் ஹிஸ்டமின் முதலான பொருட்கள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். ஒரு தடவை தடிப்போடு போகும், இன்னொரு தடவை மூச்சை அடைக்கும். தின்ற அளவு, அன்றைக்கு இருந்த காய்ச்சல், இளைப்பு, ஓடியாடிய அலைச்சல் எல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். போன மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இந்த மாதத்தைச் சொல்ல முடியாது.

அதே 1901-ல்தான், அமெரிக்காவில் வேலை செய்துவந்த ஜப்பானியர் தாகாமினே ஜோகிச்சி, அட்ரினலினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். நோயும் மருந்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் ஆகியும் இரண்டையும் உரிய நேரத்தில் சேர்த்துவைக்க நம்மால் முடியவில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

தம்பி வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு கல்யாண விருந்து. முழு முந்திரியை ஒதுக்கத் தெரிந்தவனுக்குக் குருமாவில் அரைத்து ஊற்றியிருந்த விழுதை ஒதுக்கத் தெரியவில்லை. பந்தியிலிருந்து எழுந்தவன் குரல் கம்மிப்போய், "தொண்டையில என்னமோ அடைக்குது" என்றான். முகம் வெளுத்து, வேர்த்து, தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கடைத்தெருவில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். கம்பவுண்டர் ஒருவர், ஸ்டெரிலைஸரில் கொதிக்கும் கண்ணாடி சிரிஞ்சு, ஒரு மரக்கட்டில், அவ்வளவுதான் அவர் ஆஸ்பத்திரி. தூக்கிக்கொண்டு போனோம். "என்ன சாப்பிட்டான்?" என்று மட்டும் கேட்டார். ஒரு சின்ன ஆம்பூலை உடைத்துப் புஜத்தில் ஊசி போட்டார். காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னார். காப்பி ஆறுகிற நேரத்துக்குள் அவனுக்குக் குரல் திரும்பியது.

அவர் போட்டது அட்ரினலின். அன்றைக்கு ஆஸ்துமா இழுப்புக்கே அந்த ஊசிதான் போடுவார்கள். அதனால் சின்ன ஊர் டாக்டருக்கும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கையும் பழகியிருந்தது. பிறகு இழுப்புக்கு நெபுலைசரும் இன்ஹேலரும் வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் ஆம்பூல் அலமாரிக்குள் போய்விட்டது. இதயம் நின்றவருக்கு ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து என்ற பெயர் மட்டும் அதற்கு மிஞ்சியது. பெயரோடு பயமும் வந்தது.

இப்போது அந்தத் தம்பியின் பேத்திக்கு வருகிறேன். குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டில் கொடுத்த முந்திரி பர்ஃபி. அதே காது, அதே உதடு, அதே வாந்தி. கூடவே இருமல், சொக்கிச் சொக்கி விழும் தலை. ஓர் ஊரே உட்காரலாம் போன்ற பெரிய ஆஸ்பத்திரி. வாசலிலேயே அலர்ஜி என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை இன்று எல்லோருக்கும் தெரிகிறது. அவில் ஊசி போட்டார்கள், ஸ்டீராய்டு போட்டார்கள், "பார்க்கலாம்" என்றார்கள். விரலில் மாட்டிய கருவி எண் காட்டிக்கொண்டிருந்தது. அட்ரினலின் அரை மணிக்கு மேல், ரத்த அழுத்தம் விழத் தொடங்கிய பிறகுதான் வந்தது. குழந்தை பிழைத்தாள். மரக்கட்டில் போட்டிருந்த கிழவர் முதல் நிமிடத்தில் செய்ததைத் திரைகள் மின்னும் அறையில் கடைசியாகச் செய்தார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

அவில், செட்ரிசின் வகை மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்கவோ விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அவற்றால் ஆகாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் பிடிக்கும். வீங்கிய மூச்சுக்குழாயைத் திறந்து, தளர்ந்துபோன ரத்தக்குழாய்களை இறுக்கி, ஹிஸ்டமின் மேலும் கொட்டாமல் தடுக்கும் மருந்து ஒன்றுதான். அதைத் தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். கிழவர் போட்டது புஜத்தில். அன்றைய வழக்கம் அது. தொடைச் சதையில் போட்டால் மருந்து விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது என்பதை 1998-லும் 2001-லும் வந்த ஆய்வுகள் காட்டின. எடை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். ஒரு மில்லி ஆம்பூலில் ஒரு மில்லிகிராம் இருக்கும் என்பதால் இருபது கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லி. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் தேறவில்லை என்றால் இன்னொரு முறை போடலாம். சதையில் இந்த அளவு போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். போடாமல் காத்திருப்பதில் இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எப்போது போடுவது என்பதில்தான் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தடுமாறுகிறார்கள். வாயைச் சுற்றி நாலு தடிப்பு, கொஞ்சம் அரிப்பு, பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்றால் மாத்திரை கொடுத்துக் கண் எடுக்காமல் பார்த்திருக்கலாம். தடிப்போடு இருமல், இழுப்பு, குரல் மாற்றம், விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், விடாத வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டால் அது அனஃபிலாக்சிஸ். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் சாப்பிட்ட அரை மணிக்குள் தெரிந்துவிடும், சிலருக்கு இரண்டு மணி நேரம்வரை ஆகும். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் ஒரு பொட்டுகூட இருக்காது. பருப்பு ஆகாது என்று தெரிந்த ஒருவர் அதைத் தின்றுவிட்டு மூச்சு வாங்கினால், தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. நாக்கைக் கையால் தேய்ப்பார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்கள், துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அம்மா தோளில் சாய்ந்து அசையாமல் கிடக்கும். தூக்கம் வருகிறது என்று நினைத்துவிடுவோம். பெரியவர்கள் சிலர், "என்னமோ ஆகப்போவுது எனக்கு" என்பார்கள். பயத்தில் உளறுகிறார்கள் என்று ஒதுக்கக் கூடாது, அதுவும் ஓர் அறிகுறி.

ஆயாவின் கம்பளி வைத்தியத்தை இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். கம்பளிச் சூட்டில் ரத்தக்குழாய் இன்னும் விரியும். வீங்கிய தொண்டைக்குள் மிளகை மெல்லக் கொடுப்பது அதைவிட ஆபத்து. ஆனால் அவள் பிள்ளையைப் படுக்க வைத்தாள். எழுந்திருக்க விடமாட்டாள். அது ஒன்று மிகச் சரி. ரத்த அழுத்தம் விழுந்த உடம்பை நிமிர்த்தி நிற்க வைத்தால், நடக்க வைத்தால், ரத்தம் காலில் தேங்கி இதயத்துக்குத் திரும்ப ஒன்றுமில்லாமல் போகும். அந்த நொடியில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த இந்தக் காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? "எந்திரி, எந்திரி, கார்ல ஏறு" என்று மாடிப்படியில் இறக்கி நடத்திக்கொண்டு போகிறோம். படுக்க வைத்து, காலை உயர்த்தி, வாந்தி வந்தால் ஒருக்களித்து, மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டும். தேறிய பிறகும் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் கிளம்பும்.

குழந்தையின் பள்ளிப் பையில் இப்போது ஒரு சிறிய டப்பா இருக்கிறது. தானே குத்திக்கொள்ளும் பேனா போன்ற ஊசி அமெரிக்காவில் 1987-லேயே வந்துவிட்டது, 2024-ல் மூக்கில் அடிக்கும் மருந்துக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நம் தெரு மருந்துக்கடையில் கேட்டால் அந்தப் பேனா கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள். ஆம்பூலோ மிக மலிவு. அவளுடைய டாக்டர் ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து, எந்தக் கோடு வரை இழுப்பது என்று சிவப்பு மையால் குறித்து, அவள் அம்மாவையும் வகுப்பு டீச்சரையும் தண்ணீரை வைத்துப் பழகவும் சொன்னார். வெயிலும் வெளிச்சமும் படாமல் வைத்து, நிறம் மாறினால் தூக்கிப் போட வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு டப்பாவும் பழகிய ஒரு கையும் இருக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பிரியாணியும் பர்ஃபியும் வகுப்புக்கு வராத நாளே இல்லை.

"அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்கு இருந்துச்சு?" என்று இப்போதும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுப் பந்தியில் இருந்தது. வேறு வேறு வீடுகளில் காணாக்கடி என்றும், செரிமானமில்லை என்றும், காற்று கருப்பு என்றும் பெயரெழுதி எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் புதைத்தார்களோ. மேல்நாடுகளைவிட இங்கே நிலக்கடலை ஒவ்வாமை குறைவு என்பது உண்மை. அங்கே வறுத்தே தின்கிறார்கள், இங்கே அவித்தும் தின்கிறோம். அவித்தால் ஒவ்வாமை உண்டாக்கும் தன்மை குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. ஏற்கெனவே ஆகாதவர்களுக்கு அவித்த கடலையும் ஆபத்துதான்.

குழந்தைக்கு எப்போது கடலை கொடுப்பது என்பதில் நிபுணர்களே தலைகீழாக மாறியிருக்கிறார்கள். ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலையே காட்டாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-ல் சொன்னது. 2008-ல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு, இஸ்ரேலில் கடலைத் தின்பண்டத்தைப் பல் முளைக்கும் முன்பே சப்பும் யூதக் குழந்தைகளைவிட லண்டன் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய பத்து மடங்கு என்று ஓர் ஆய்வு வந்தது. 2015-ல் கிடியன் லாக் குழுவினர் 640 கைக்குழந்தைகளை வைத்து அதை நிரூபித்தார்கள். சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய பிள்ளைகளிடம் ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அவித்த கடலையை மசித்து விரல்நுனியில் தொட்டுப் பேரனின் நாக்கில் தடவிய எங்கள் ஊர்க் கிழவிகளைப் படித்தவர்கள் கண்டித்த காலம் உண்டு. இப்போது டாக்டர்களே ஏறக்குறைய அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், முழுக் கடலையைச் சின்னப் பிள்ளை வாயில் போடவே கூடாது, புரையேறும்.

பொட்டலத்தில் வரும் பண்டத்தில் நிலக்கடலையோ மரக்கொட்டைப் பருப்போ இருந்தால் தனியாக அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. பேத்தியின் அம்மா அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறாள். மிட்டாய்க் கடையில் தட்டில் அடுக்கி வைத்திருப்பதற்கு ஏது வரி? ஓட்டலில் "நட்ஸ் எதுவும் சேர்க்கலைங்க, முந்திரி மட்டும்தான்" என்று பரிமாறுகிறவர் மெய்யாகவே சொன்னார். பனீர் பட்டர் மசாலா, வெள்ளைக் குருமா, பாதாம் பால், கேக், எதைத் தொட்டாலும் கேட்டுத்தான் தொட வேண்டியிருக்கிறது. நிலக்கடலைக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் பிஸ்தா என்று விற்றுப் பிடிபட்ட செய்திகள் வேறு. மரச்செக்கு எண்ணெயின் மேல் இப்போது எல்லோருக்கும் ஆசை. நல்லதுதான். ஆனால் கடலை ஆகாதவர்கள் அதைத் தொடக் கூடாது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சாது, செக்கில் ஆட்டியதில் மிஞ்சும். இங்கிலாந்தில் 1997-ல் கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்திகரித்ததில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுத்திகரிக்காததில் ஆறு பேருக்கு ஆனது.

பேத்திக்குப் பரிசோதனை செய்தபோதுதான், தனக்கும் ஒன்று செய்துகொள்ளலாமே என்று தம்பிக்குத் தோன்றியது. அறுபதைத் தாண்டியவன், முதல் தடவையாக முன்கையை நீட்டினான். ஒவ்வொரு பருப்பின் சாற்றையும் ஒவ்வொரு சொட்டு வைத்துத் தோலைக் கீறினார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு இடம் கொசுக்கடி போல வீங்கின. முந்திரி ஒன்று, பிஸ்தா இன்னொன்று. இவை இரண்டின் புரதமும் மிக நெருக்கம், ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது. நிலக்கடலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பின்னொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தே, ஊசியைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலையைத் தின்னக் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நிலக்கடலை அவரை, துவரை இனம், முந்திரிக்கு உறவே இல்லை. கல்யாணப் பந்தியில் சாய்ந்த நாளிலிருந்து பருப்பு என்று பெயர் உள்ள எதையும் தொடாமல் இருந்தவன் அவன்.

அன்று சாயங்காலமே கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வேண்டும் என்று மகனைக் கடைக்கு அனுப்பினான். வாங்கி வந்த பொட்டலத்தை உடனே பிரிக்கவில்லை. திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தான். பிறகு அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்க முந்திரி மிட்டாயும் போடுறீங்களா? அதே தட்டுலதானா?" என்று கேட்டான். தனித் தட்டு, தனிக் கொட்டகை என்று பதில் வந்தது. பேத்திக்குக் கொடுக்காமல் முதல் துண்டைத் தான் கடித்தான்.